மலிவு பிராசசர்: பில் போடப் போதுமா?

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிற உறுப்பினர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, விலை குறைந்த பிராசசர் போதுமா, இல்லை ஐ5, ஐ7 என்று போக வேண்டுமா?"

நாம் மொத்த வியாபாரி, இன்ஜினியர் அல்ல. ஆனால் ஒரு சரக்கு மலிவாக வந்தால் அதில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பழகிய தொழில். துவரம்பருப்பு விலை இறங்கி வந்தால் ஈரமா, தூசியா, பழைய வரவா என்று கையில் அள்ளிப் பார்க்கிறோம் அல்லவா? பிராசசரையும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

ஏஎம்டி கம்பெனியின் அத்லான் 3000ஜி என்ற பிராசசரை எடுத்துக் கொள்வோம். 2019 நவம்பரில் 49 டாலர் விலையில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதே கம்பெனி வெளியிட்ட ரைசன் 3 3200ஜி 99 டாலர். ஏறக்குறைய பாதி விலை. அப்படியானால் எதைக் குறைத்தார்கள்?

முக்கியமாகக் குறைத்தது ஆள் கணக்கை. பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதியைக் 'கோர்' என்கிறார்கள். தராசு முன் நிற்கும் ஆள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரைசனில் நான்கு பேர், அத்லானில் இரண்டே பேர். ஆனால் இந்த இரண்டு பேரும் பழகிய ஆட்கள். ஒருவன் சர்க்கரையை நிறுத்துக் கொண்டே அடுத்த சீட்டையும் வாங்கி வைத்துக் கொள்வது போல, ஒவ்வொரு கோரும் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும். இதனால்தான் 'இரண்டு கோர், நான்கு த்ரெட்' என்று எழுதியிருக்கும். வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். ரைசனுக்கு 3.6, அவசரத்துக்கு அது 4 வரை ஏறும், அத்லான் ஏறாது. ஆள் குறைவே தவிர, ஆள் சோம்பேறி அல்ல.

குறைக்காமல் விட்டதும் ஒன்று உண்டு. எல்3 கேஷ் இரண்டிலும் 4 எம்பிதான். கேஷ் என்பது கல்லாவுக்குப் பின்னால் கைக்கெட்டும் அலமாரி. அடிக்கடி போகும் சரக்கை அங்கே வைத்திருந்தால் உள்ளறைக்கு நடக்க வேண்டியதில்லை. 1998 ஏப்ரலில் இன்டெல் கம்பெனி செலரான் என்ற மலிவு பிராசசரை முதன்முதலில் விட்டபோது இந்த அலமாரியில்தான் கை வைத்தது. பென்டியம் 2-ல் 512 கேபி இருந்த எல்2 கேஷ் அதில் அறவே கிடையாது. எல்லாவற்றுக்கும் உள்ளறைக்கு ஓடி ஓடி அது மந்தமான பெயரை வாங்கியது. ஆகஸ்டிலேயே 128 கேபி கேஷ் வைத்து 300ஏ என்று ஒன்றை இறக்க வேண்டியதாயிற்று. அது ஓகோவென்று ஓடியது. மலிவு சரக்கு இரண்டுமே, ஆனால் ஒன்றில் வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருந்தார்கள்.

சரி, நம் கடைக்கு வருவோம். பார்கோடு வாசிப்பது, ரேட் எடுப்பது, ஜிஎஸ்டி போட்டு பிரின்ட் கொடுப்பது, இரவில் இருப்புக் கணக்கு பார்ப்பது ஆகியவற்றுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோர் வேகமாக இருந்தால் போதும். அந்த வேலைக்கு அத்லான் தாராளம். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு வேண்டாம். வெப்ப அளவு 35 வாட்தான். பெரிய பிராசசர்கள் பலவற்றுக்கு 65. மின்சாரம் போனால் சின்ன யுபிஎஸ்ஸில் சற்றுக் கூடுதல் நேரம் தாக்குப் பிடிக்கும்.

திணறுவது எங்கே என்றால், கல்லாவை ஆபீசாகவும் ஆக்கும்போது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டு முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயமாகிவிட்டதால் பிரவுசர் எப்போதும் திறந்திருக்கிறது. பக்கத்தில் வாட்ஸ்அப். ஓரத்தில் நான்கு கேமராவின் படம். இதற்கு நடுவே வைரஸ் சோதனை தானாகக் கிளம்பினால் இரண்டு ஆட்களும் அங்கே போய்விடுவார்கள். நம் உறுப்பினர் ஒருவர் கடையில் தீபாவளி வாரத்தில் இப்படித்தான் பில் நின்று நின்று வந்தது. வாடிக்கையாளர் இருவர் சாமானை வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். கேமராவை வேறு பெட்டிக்கு மாற்றி, வைரஸ் சோதனையைக் கடை சாத்திய பிறகு ஓடும்படி வைத்ததும் சரியாயிற்று. மூன்று நான்கு கவுண்டருக்கு ஒரே சர்வராக வைப்பதற்கும் இது ஆகாது. அங்கே ஆறு கோர் போடுவதே நியாயம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். மெதுவாக இருக்கிறது என்று பிராசசரைத் திட்டும் பல கடைகளில் குற்றவாளி பிராசசரே அல்ல. அசெம்பிள் செய்து கொடுத்தவர் உள்ளே பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்திருப்பார். அது தெருக்கோடியில் உள்ள குடோன் மாதிரி. ஆள் எவ்வளவு சுறுசுறுப்பானாலும் நடக்கிற நேரம் நடக்கிற நேரம்தான். எஸ்எஸ்டி போட்டால் அதே பெட்டி வேறு பெட்டியாகிவிடும். ராம் நினைவகம் 8 ஜிபி வேண்டும். உள் கிராபிக்ஸும் அதிலிருந்தே பங்கு எடுப்பதால் 4 ஜிபி போட்டால் முழுதாக நமக்குக் கிடைக்காது. அதையும் ஒரே துண்டாக வாங்காமல் 4 ஜிபி இரண்டாகப் போட்டால் பிராசசருக்கு இரண்டு வாசல் கிடைக்கும்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் 'ஐ5' என்ற ஒட்டுச் சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5-ல் நான்கு கோர் உண்டு. இன்றும் உழைப்பதில் மோசமில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு இருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்றுக் கொண்ட பட்டியலில் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் உள்ளன. அத்லான் 3000ஜி அந்தப் பட்டியலில் இருக்கிறது. நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் வைத்திருக்கும் பெட்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வியாபாரம் பெருகினால் என்ன செய்வது? அத்லான் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டிலேயே 2021-ல் வந்த ஆறு கோர் ரைசன் 5 5600ஜி-யும் உட்காரும். போர்டுக்கு அதற்கான பயோஸ் அப்டேட் இருக்கிறதா என்று வாங்கும்போதே விசாரித்து, போர்டின் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு பெட்டியைத் தூக்கிப் போடாமல் பிராசசரை மட்டும் மாற்றலாம்.

பில்லில் 'கம்ப்யூட்டர் 1' என்று ஒற்றை வரியாக எழுதி வாங்காதீர்கள். பிராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை ஒவ்வொன்றும் தனித் தனி வரியாக, சீரியல் எண்ணுடன் வர வேண்டும். சீல் பெட்டியில் வரும் அத்லானுக்குக் கம்பெனியின் மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. பெட்டியில்லாமல் வருவதற்கு விற்பவர் சொல்லும் வாரண்டிதான். முறையான ஜிஎஸ்டி பில்லாக இருந்தால், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகவும் எடுத்துக் கொள்ளலாம்.