குராசோ தீவின் கால்பந்தாட்டக் குழு

தென் அமெரிக்காவின் வடகரையில், வெனிசுவேலா நாட்டிற்கு எதிரே, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் குராசோ என்றொரு தீவு இருக்கிறது. அதன் பரப்பு 444 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்திற்குச் சிறிது கூடுதல். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கும்பகோணம் நகரில் வாழ்ந்தோர் 1,40,000 பேர் என்பதை நினைவிற் கொண்டால் அத்தீவின் அளவு நேயர்களுக்கு நன்கு விளங்கும்.

இத்துணைச் சிறிய தீவின் கால்பந்தாட்டக் குழு 2025 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாளன்று உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதற்குமுன் இத்தகுதியை அடைந்த நாடுகளுள் மிகச் சிறியது ஐஸ்லாந்து. 2018 ஆம் ஆண்டுப் போட்டியில் ஆடிய அந்நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்றரை லட்சம். குராசோவோ அதிற் பாதியளவும் இல்லாதது.

இச்செய்தியில் வியப்பிற்குரிய மற்றொன்றும் உண்டு. தகுதி பெற்ற அக்குழுவில், தீவிலேயே பிறந்தவர் டாஹித் சோங் என்னும் ஒருவர் மட்டுமே. ஏனையோர் கடலுக்கு அப்பால், பெரும்பாலும் நெதர்லாந்து நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பிழைப்பின் பொருட்டுத் தீவைவிட்டு வெளியேறியவர்களின் மக்களும் பேரர்களும் ஆவர். அங்ஙனமாயின் அது யாருடைய குழு? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமானால் அக்குழுவின் நூறாண்டு வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

டச்சுக்காரர் 1634 ஆம் ஆண்டில் குராசோவைக் கைப்பற்றினர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று அத்தீவின் பெரும்பான்மை மக்கள். அடிமை முறை 1863 இல் ஒழிந்தது. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் டச்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த பாப்பியமென்டு அவர்களுடைய தாய்மொழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிசுவேலாவின் எண்ணெயைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலையொன்று தலைநகரான வில்லம்ஸ்டாடில் எழுந்தது. அண்டைத் தீவுகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். துறைமுகமும் ஆலையும் உள்ள ஊரில் கால்பந்து உருளத் தொடங்குவது உலகெங்கும் கண்ட வழக்கமே. 1921 இல் தீவின் கால்பந்தாட்டச் சங்கம் தோன்றியது. 1924 இல் அண்டைத் தீவாகிய அரூபாவுடன் தன் முதல் ஆட்டத்தைக் குராசோ ஆடியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளே இக்குழுவின் முதற் பொற்காலம். நெதர்லாந்து அந்தில்லீஸ் என்னும் பெயரில் அது 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியிற் கலந்துகொண்டது. துருக்கியிடம் 2–1 என்ற கணக்கில் தோற்று முதல் ஆட்டத்தோடு திரும்பினும், பெருநாடுகளுக்கு ஈடுகொடுத்து ஆடும் ஆற்றல் தமக்குண்டு என்று காட்டிவிட்டே தீவினர் திரும்பினர். அக்குழுவின் கோல் காவலர் எர்கிலியோ ஹாத்தோ. அவர்தம் பாய்ச்சலைக் கண்டு மக்கள் அவரைக் ‘கருஞ்சிறுத்தை’ என்று அழைத்தனர். வில்லம்ஸ்டாடில் உள்ள விளையாட்டரங்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான கண்டப் போட்டி 1963 இல் முதன்முறையாக நடந்தபோது அந்தில்லீஸ் குழு மூன்றாம் இடம் பெற்றது. 1969 இல் மீண்டும் அவ்விடத்தையே பெற்றது.

பின்னர் நேர்ந்தது நெடிய தேய்வு. 1973 ஆம் ஆண்டுக் கண்டப் போட்டிக்குப் பின் அடுத்த 44 ஆண்டுகள் இக்குழு அப்போட்டியின் இறுதிக் கட்டத்தை எட்டவில்லை. இதற்குரிய காரணத்தை ஆடுகளத்தில் மட்டும் தேடினாற் போதாது. 1954 இல் ஏற்பட்ட அரசியல் ஏற்பாட்டின்படி இத்தீவுகள் உள்நாட்டு விவகாரங்களில் தன்னாட்சி பெற்றன. ஆயினும் நெதர்லாந்து முடியரசின் பகுதியாகவே இருந்தன. ஆகவே தீவினர் அனைவரும் நெதர்லாந்தின் குடிமக்கள். விரும்பியபோது கப்பலோ விமானமோ ஏறி அங்குச் சென்று குடியேறலாம். எண்ணெய் ஆலையில் வேலை குறையக் குறைய அவ்வாறு சென்றோர் பலர். 1985 இல் ஷெல் நிறுவனம் ஆலையைவிட்டே விலகியது. படிக்கச் சென்ற இளைஞரும் வேலை தேடிச் சென்ற குடும்பங்களும் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற நகரங்களில் நிலைத்தனர். தீவில் எஞ்சிய சிறுவரின் உள்ளத்தையோ பேஸ்பால் கவர்ந்தது. அவ்வாட்டத்தில் அமெரிக்காவையே வியக்கவைத்த ஆண்ட்ரூ ஜோன்ஸ் குராசோ மண்ணின் மைந்தரே.

சென்றவர்களின் கால்பந்துத் திறமை வீணாகவில்லை, நெதர்லாந்துக்குப் பயன்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த பேட்ரிக் க்ளைவர்ட்டின் அன்னை குராசோவைச் சேர்ந்தவர். க்ளைவர்ட் நெதர்லாந்துக்காக 79 ஆட்டங்களில் 40 கோல்கள் போட்டார். வில்லம்ஸ்டாடிலேயே பிறந்த ஜெட்ரோ வில்லம்ஸ், 2012 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் தம் 18 ஆம் வயதில் நெதர்லாந்துக்காக ஆடினார். கிணறு தீவில் இருந்தது. நீர் பாய்ந்தது பிறர் வயலுக்கு.

2010 அக்டோபர் 10 ஆம் நாள் நெதர்லாந்து அந்தில்லீஸ் என்னும் அமைப்பு கலைக்கப்பட்டது. குராசோ தனக்கெனத் தன்னாட்சி கொண்ட ஒரு நாடாயிற்று. முடியரசின் உறவு மட்டும் நீடித்தது. உலகக் கால்பந்துச் சங்கமாகிய ஃபிஃபாவில் பழைய அந்தில்லீஸின் இடமும் குராசோவிற்கே வந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்போன்றோர்க்கு இங்கே ஒரு சிக்கல் எழும். ‘தேசியக் குழு’ என்று எழுதுகிறோம்; ஐக்கிய நாடுகள் சபையில் இடமோ தனிக் கடவுச்சீட்டோ இல்லாத ஒரு தீவைத் தேசம் எனலாமா? சட்ட நூல்கள் தயங்கும் இடத்தில் ஆடுகளம் தயங்கவில்லை. பதினொருவர் ஒரே சட்டை அணிந்து வந்து நின்றால் அதுவே ஒரு தேசம் என்பது ஆடுகளத்தின் இலக்கணம்.

அச்சட்டையை யார் அணியலாம் என்பதற்கும் விதி உண்டு. ஒரு வீரர் தாம் ஆட விரும்பும் நாட்டின் குடியுரிமை உடையவராதல் வேண்டும் என்பது பொது விதி. குராசோவிற்குத் தனிக் குடியுரிமை கிடையாது. நெதர்லாந்துக் குடியுரிமையே அங்கும் செல்லும். பல நாடுகளுக்குப் பொதுவான ஒரு குடியுரிமையை உடையவர், தாமோ தம் பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியரில் ஒருவரோ அம்மண்ணில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் குறித்த காலம் அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். ராட்டர்டாமில் பிறந்த ஓர் இளைஞன் தன் பாட்டியின் பிறப்பைக் காட்டிக் குராசோவிற்கு ஆடலாம் என்பது இதன் பொருள். கடவுச்சீட்டையும் அவன் மாற்ற வேண்டுவதில்லை.

நம் நாட்டின் நிலை வேறு. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வழியினர் நம் குழுவில் ஆட விரும்பினால் அந்தக் குடியுரிமையைத் துறந்தே வருதல் வேண்டும். ஜப்பானில் பிறந்து, இந்தியக் குடியுரிமை ஏற்று, 2013 இல் நமக்காக ஆடிய அராட்டா இசுமி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே குராசோ சென்ற வழியில் எல்லா நாடுகளும் செல்லுதல் இயலாது. அவ்வழியைத் திறந்துவைத்தது, பழைய ஆதிக்க உறவு விட்டுச்சென்ற ஒரு சட்டநிலை.

வழி திறந்திருந்தாற் போதாது; அழைப்பாரும் வேண்டும். 2015 இல் க்ளைவர்ட்டே தம் அன்னையின் தீவிற்குப் பயிற்சியாளரானார். ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரராயிருந்த தீவு வழியினரை அழைக்கும் பணி வேகம் பெற்றது. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா குழுவில் ஆடிய லியாண்ட்ரோ பக்குனா 2016 இல் வந்து சேர்ந்தார்; பின்னர்த் தலைவரும் ஆனார். பயன் விரைவிற் கிட்டியது. 2017 இல், பயிற்சியாளர் ரெம்கோ பிசென்டினியின் கீழ், கரீபியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜமெய்க்காவை 2–1 என வென்றது குராசோ. இரு கோல்களையும் போட்டவர் எல்சன் ஹூய். அதே ஆண்டில் கண்டப் போட்டிக்கும் திரும்பியது; அங்கு மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஈராண்டு கழித்து, 2019 இல், காலிறுதி வரை சென்று அமெரிக்காவிடம் 1–0 எனத் தோற்றது.

அவ்வாண்டு ஜூன் 5 ஆம் நாள் தாய்லாந்தின் புரிராம் நகரில் மன்னர் கோப்பைப் போட்டியில் இக்குழுவோடு இந்தியாவும் மோதியது. குராசோ 3–1 என வென்றது. நம் ஒரே கோலைப் பெனால்டி மூலம் போட்ட சுனில் சேத்திரி, பாய்ச்சுங் பூட்டியாவை விஞ்சி, இந்தியாவுக்காக மிகுதியான ஆட்டங்கள் ஆடியவர் என்னும் சிறப்பை அந்த ஆட்டத்தில்தான் அடைந்தார். நூற்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாடு ஒன்றரை லட்சத்திடம் தோற்றது என்று அன்று நகைத்தோர் உண்டு. மக்களை எண்ணுவது வேறு; பயிற்சி பெற்ற ஆட்டக்காரரை எண்ணுவது வேறு என்பதை அவர்கள் உணரவில்லை. குராசோவின் ஆட்டக்காரரிற் பெரும்பாலோர் சிறுவயது முதலே நெதர்லாந்தின் பயிற்சிப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகச் செலவிட்டு அந்நாடு அமைத்த பள்ளிகள் அவை.

2024 ஜனவரியில் டிக் அட்வகாட் பயிற்சியாளராக நியமிக்கப்பெற்றார். 1994 உலகக் கோப்பையில் நெதர்லாந்தையே வழிநடத்திய முதுபெரும் ஆசான் அவர். 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் பார்படோஸ், அரூபா, செயின்ட் லூசியா, ஹைட்டி ஆகிய நான்கையும் குராசோ வரிசையாக வென்றது. ஹைட்டியை வென்றது 5–1 என்ற கணக்கில். அடுத்த சுற்றில் ஜமெய்க்கா, டிரினிடாட் டொபேகோ, பெர்முடா ஆகியவற்றோடு மோதி, சொந்த மண்ணில் ஜமெய்க்காவை 2–0 எனவும், பெர்முடாவை அதன் மண்ணில் 7–0 எனவும் வென்றது. இறுதி ஆட்டத்திற்குக் கிங்ஸ்டன் சென்றபோது குராசோவின் புள்ளிகள் 11. ஜமெய்க்காவின் புள்ளிகள் 10. தோலாதிருந்தாற் போதும். குடும்பக் காரணத்தால் அட்வகாட் அன்று வரவியலவில்லை. ஜமெய்க்காவின் பந்து மும்முறை கோல் கம்பத்திற் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் பெனால்டி கொடுத்தார். காணொளியைக் கண்டபின் அதனைத் திரும்பப் பெற்றார். கோலின்றி ஆட்டம் முடிந்தது. கியூபா 1938 லும், ஹைட்டி 1974 லும், ஜமெய்க்கா 1998 லும், டிரினிடாட் டொபேகோ 2006 லும் புகுந்த வாயிலில் குராசோவும் புகுந்தது.

அதே இரவில் வில்லம்ஸ்டாடின் ஹாத்தோ அரங்கத்தில் மற்றோர் ஆட்டம் நடந்தது. உள்நாட்டு வன்முறையால் சொந்த ஊரில் ஆட இயலாத ஹைட்டி, குராசோவின் களத்தையே தன் களமாகக் கொண்டு நிகராகுவாவை வென்று, 1974 க்குப் பின் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஒரு தீவின் குழு மண்ணுக்கு வெளியே பிறந்தோரால் ஆனது. மற்றொரு தீவின் குழுவுக்கோ மண்ணில் ஆட இடமே இல்லை. சிறு நாடுகளின் விளையாட்டு எத்தகைய நெருக்கடிகளுக்கிடையே நடைபெறுகிறது என்பதற்கு அந்த ஓர் இரவே சான்று.

இனி நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். இது கடன் வாங்கிய குழு என்பார் உளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் வில்லம்ஸ்டாடின் தெருவிலிருந்தே உலகக் கோப்பைக்குச் செல்லும் பாதை இன்னும் சரியாக அமைந்துவிடவில்லை. வெளியிலிருந்து வரும் வீரரை மட்டும் நம்பினால் அப்பாதையை அமைக்கும் கவலையே அற்றுப்போதலும் கூடும். வெற்றியால் வரும் பொருளும் புகழும் தீவின் பயிற்சிக் களங்களுக்குச் செல்கின்றனவா என்பதை வைத்தே இச்சாதனையின் நிலைபேற்றை அளவிட வேண்டும்.

ஆயினும் கடன் என்ற சொல் முற்றும் பொருந்தாது. தீவு தன் மக்களை முதலில் கொடுத்தது. அவர்தம் உழைப்பையும் பிள்ளைகளின் ஆட்டத்தையும் நெதர்லாந்து பெற்றது. இப்போது வந்து சேர்ந்தது கொடுத்ததில் ஒரு பங்கு. அதனைக் கொண்டுவந்தது சட்ட விதி மட்டுமன்று. கண்டறியாத ஓர் ஊரின் பெயர் வீட்டில் நாள்தோறும் ஒலித்திராவிடில், எந்த இளைஞனும் அதன் சட்டையைத் தேடி வந்திருக்கமாட்டான்.

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. நம் பிள்ளைகள் எம்மாநிலத்தின் சட்டையை அணிந்து ஆடினும் நன்றே. வளர்த்த ஊருக்கு அவர்கள் கடமைப்பட்டவர்களே. பாட்டியின் ஊர்ப்பெயரை அவர்கள் காதில் போட்டுவைப்பது மட்டும் நம் பொறுப்பு. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.