கட்டணம் ஏற ஏற கஷ்டமும் ஏறுமா?

தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மார்ச் மாதம் நடக்கும் கேப் எபிக், மவுன்டன் பைக் உலகின் மிகப் பெயர்பெற்ற பல நாள் பந்தயம். எட்டு நாள், ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஏறுகிற உயரத்தை மட்டும் தனியாகக் கூட்டினால் 15,000 மீட்டரைத் தொடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு எட்டு முறை ஏறுவதற்குச் சமம். அதுவும் தார் ரோட்டில் அல்ல, கல்லிலும் மணலிலும். ஓர் அணிக்கான நுழைவுக் கட்டணமே பல லட்சம் ரூபாய். விமானம், சைக்கிளுக்கான கூடுதல் லக்கேஜ், விசா எல்லாம் அதற்கு மேல்.

இவ்வளவு பணம் கேட்கிற பந்தயம் இவ்வளவு கடினமாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. பந்தயங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் விலையையும் கஷ்டத்தையும் ஒரே ஏணியில் வைத்து அளக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி, கஷ்டத்தைக் குறைக்கிற ஏற்பாடுகளுக்குத்தான் போகிறது.

கேப் எபிக்கின் முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் தங்குகிற ஒரு கூடார ஊர், சில நாளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பெயர்க்கப்பட்டு அடுத்த இடத்தில் எழும்புகிறது. வெந்நீர்க் குளியல், காலையும் இரவும் வயிறாரச் சாப்பாடு, வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், சேறு படிந்த சைக்கிளைக் கழுவ வசதி, இரவு முழுக்கக் காவலோடு சைக்கிள் நிறுத்தம், டாக்டர்கள். இன்னும் காசு இருந்தால் மசாஜ் உண்டு, இரவோடு இரவாக வண்டியைச் சரிபார்த்துத் தரும் மெக்கானிக் உண்டு, கூடாரத்துக்குப் பதில் படுக்கையோடு கூடிய வேன் உண்டு. ஆறாம் நாள் காலையில், நன்றாகத் தூங்கி எழுந்தவரும் பக்கத்துக் கூடாரத்து இருமலைக் கேட்டபடி விடிய விடிய விழித்திருந்தவரும் ஒரே மேட்டில்தான் ஏறுகிறார்கள். ஆனால் இருவருக்கும் அது ஒரே மேடு இல்லை.

கேப் எபிக்கின் உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. அது இருவர் அணியாக ஓட்டும் பந்தயம். இரண்டு பேரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும். தவறினால் நேரத்தில் தண்டனை. துணைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உங்கள் வேகமும் அவருடையதுதான். அவர் விலகிவிட்டால் நீங்கள் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் அணிப் பட்டியலில் பெயர் இருக்காது. 1998-இல் ஜெர்மனியின் மிட்டன்வால்டிலிருந்து இத்தாலியின் ரீவாவுக்கு ஆல்ப்ஸைக் கடந்த டிரான்ஸ்ஆல்ப் பந்தயமும் இருவர் அணி முறையில்தான் நடந்தது. ஆள் அரவமற்ற மலையில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பக்கத்தில் இருப்பார் என்பது இந்த முறையின் பெரிய நன்மை. எந்தக் கட்டணத்தாலும் வாங்க முடியாத பாதுகாப்பு அது.

கேப் எபிக்கை 2004-இல் தொடங்கிய கெவின் வெர்மாக்குக்கு அந்த யோசனையைக் கொடுத்தது கோஸ்டாரிகாவின் லா ரூட்டா. ரோமன் உர்பினா 1993-இல் ஆரம்பித்த பந்தயம் இது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியப் படையினர் போன பாதையை ஒட்டி, பசிபிக் கரையிலிருந்து கரீபியன் கரைவரை நாட்டையே குறுக்காகக் கடப்பது. கேப் எபிக்கின் பாதி நாள்கூட ஆகாது. ஆனால் முதல் நாளே மழைக்காட்டுக் களிமண். பிறகு 3,432 மீட்டர் உயர இராசு எரிமலையின் பக்கவாட்டில் ஏற்றம். கடைசியில் கைப்பிடி இல்லாத ரயில் பாலங்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கட்டை கட்டையாகத் தாண்டி நடக்க வேண்டும், இடைவெளியில் கீழே ஆறு தெரியும்.

செலவுக் கணக்கில் யாரும் எழுதாத ஒரு விஷயம் இந்தக் களிமண்ணில்தான் வெளிப்படும்: பிரேக் பேடு. மணல் கலந்த சேறு டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ரெசின் பேடு ஒரே நாளில் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடக்கூடும். உலோகத்தூள் சேர்த்துச் செய்த பேடு சத்தம் போடும், சூடாகும், ஆனால் தாங்கும். இன்னொன்று, பின் சக்கரத்தின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்கட்டும் என்று தான் வளைந்து உடைவதற்காகவே செய்யப்பட்டது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். ஒரு கம்பெனியுடையது இன்னொன்றுக்குப் பொருந்தாது. இரண்டு ஹேங்கரும் நான்கு ஜோடி பேடும் பையில் இல்லாமல் போனால், லட்சக்கணக்கில் கொட்டிய பணம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

கிலோமீட்டரும் நம்பத் தகுந்த அளவுகோல் இல்லை. கனடாவில் 2007 முதல் நடக்கும் பிசி பைக் ரேஸ் ஏழு நாளில் கடக்கும் தூரம் கேப் எபிக்கில் பாதிதான். ஆனால் வழியெங்கும் ஈர வேர்கள், வழுக்குப் பாறைகள், ஒற்றையடிப் பாதை. காலில் எவ்வளவு வலு இருந்தாலும், இறக்கத்தில் வண்டியைக் கையாளத் தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை.

பணத்துக்கும் கஷ்டத்துக்கும் உள்ள உறவு முற்றிலும் அறுந்துபோவது நேபாளத்தில். ஃபில் எவன்ஸ் 2007-இல் தொடங்கிய யாக் அட்டாக், அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி 5,416 மீட்டர் உயர தோரங் கணவாயைக் கடந்தது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. தூங்குவது மலையேறிகள் தங்கும் சாதாரண விடுதிகளில். கணவாய் நாளில் விடியும் முன்பே கிளம்பி, பனியில் சைக்கிளை முதுகில் கட்டிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ மணிக்கணக்கில் நடக்க வேண்டும். இறங்கி முக்திநாத்தைத் தாண்டினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. அங்கே முற்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து அடிக்கும் காற்று, ஜோம்சோம் விமானங்களையே காலையோடு நிறுத்திவிடும். அந்தக் காற்றை எதிர்த்து இறங்குவதற்கும் மிதிக்க வேண்டும். கேப் எபிக்கோடு பார்த்தால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அந்த மலையில் ஆபத்து விளையாட்டில்லை: 2014 அக்டோபரில் அந்தப் பகுதியில் அடித்த பனிப்புயலில் மலையேறிகளும் வழிகாட்டிகளுமாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஹெலிகாப்டர் மீட்பு கிடையாது. அதற்குத் தனியாகக் கட்டுகிற பணம், நுழைவுக் கட்டணத்தைவிட முக்கியம்.

யாக் அட்டாக்கில் நேபாள வீரர்கள் வெளிநாட்டவரைத் திணறடித்திருக்கிறார்கள். அஜய் பண்டித் சேத்ரி அதைப் பலமுறை வென்றவர். அவர் கையில் இருந்த வண்டிதான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பணமில்லாத பிள்ளைகளும் பந்தயத்துக்கு வர வேண்டும் என்ற அக்கறை தென்னாப்பிரிக்காவிலும் இல்லாமலில்லை. கேப் எபிக்கை ஐந்து முறை வென்ற கிறிஸ்டோஃப் சாவ்சர், ஸ்டெல்லன்போஷ் அருகே உள்ள கயாமண்டி குடியிருப்புப் பிள்ளைகளுக்காக சோங்கோ ஃபிபாசா என்பவரோடு சேர்ந்து 2008-இல் ஒரு சைக்கிள் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். வெயிலும் மலையும் பழகிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாசலில் கேட்கும் பணம்தான் அவர்களை வெளியே நிறுத்துகிறது.

நம் நாட்டிலும் அதே கதைதான். ஷிம்லாவை மையமாக வைத்து 2005-இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயா, 3,120 மீட்டர் உயர ஜலோரி கணவாய் போன்ற இடங்கள் வழியாக நடந்தது. வெளிநாட்டு டிக்கெட் இல்லை, விசா இல்லை. ஆனால் அப்படியொரு பந்தயத்தைத் தாங்குகிற மவுன்டன் பைக் பெரும்பாலும் இறக்குமதிதான். அதற்கான சுங்க வரியை 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக உயர்த்தினார்கள். ஒரு காரின் விலைக்கு நெருங்கும் சைக்கிளை வாங்கிய பிறகுதான் பந்தயத்தைப் பற்றி யோசிக்க முடியும் என்றால், குன்னூரிலோ குலுவிலோ தினமும் மேடு மிதிக்கிற பையன் எப்போது வரிசையில் வந்து நிற்பது? போட்டிக்கான சைக்கிள்களை மன்றங்கள் வழியாக இரவல் தருவதற்கு வழிசெய்தாலே பாதிச் சுவர் இடியும்.

கடைசியாக ஒரு செலவு. எட்டு நாள் பந்தயத்துக்கு ஒழுங்காகத் தயாராக வேண்டுமென்றால் பல மாதங்கள், வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது மிதிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பிள்ளையை யார் குளிப்பாட்டுவது, மளிகைக்கு யார் போவது, வயதான அம்மாவை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்ற கேள்விகளுக்கு வீட்டில் வேறொருவர்தான் பதிலாக நிற்கிறார். பெரும்பாலும் மனைவி. பதிவுக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து, எந்தக் கிழமை யாருக்கு என்று நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.