மின்கருவி மனை: சூரிச் பட்டறிவும் தமிழகக் கடலோரத் தேவையும்

துணை மின்நிலையம் என்றதும் திறந்த வெளியில் நிற்கும் இரும்புச் சட்டங்களும் பீங்கான் காப்பிகளுமே பலர் நினைவுக்கு வரும். அவ்வமைப்புக்குப் பரந்த நிலம் வேண்டும். நிலம் அரிதான நகரில் இதற்குக் கண்ட தீர்வைச் சூரிச் காட்டுகிறது. 1967இல் அந்நகரின் செம்பர்ஸ்டைக் துணை மின்நிலையத்துக்குப் பிரவுன் பொவேரி நிறுவனம் 170 கிலோவோல்ட் வாயுக் காப்புக் கருவித்தொகுதியை வழங்கியது. சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயு, ஒரே அழுத்தத்தில், காற்றைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு மின்காப்புத் திறன் உடையது. ஆதலால் கடத்திகளுக்கு இடையே வேண்டிய இடைவெளி குறைந்தது. கருவிகள் கட்டடத்துக்குள் அடங்கின.

கருவிகள் சுருங்கியதும், அவற்றைத் தாங்கும் கட்டடத்தையே ஆலையில் செய்து அனுப்புவதும் இயல்வதாயிற்று. பிரவுன் பொவேரி 1988இல் சுவீடன் நிறுவனம் ஒன்றுடன் இணைந்ததால் உருவாகி, சூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட ஏபிபி, இத்தகைய கட்டடங்களைச் செய்யும் நிறுவனங்களுள் ஒன்று. வணிக வழக்கில் ‘இ-ஹவுஸ்’ எனப்படும் இதனைத் தமிழில் ‘மின்கருவி மனை’ எனலாம்.

எஃகுச் சட்டத்தாலான இம்மனைக்குள் சுற்றுமுறிப்பான்கள், காப்புணர்த்திகள், மின்கல அடுக்குகள், குளிரூட்டிகள், தீயறி கருவிகள் ஆகியன ஆலையிலேயே பொருத்தப்பட்டு, கம்பியிணைப்பும் சோதனையும் முடிக்கப்படுகின்றன. களத்தில் அடித்தளம் அமையும் காலத்திலேயே ஆலையில் மனையும் உருவாகிறது. மொத்தக் காலம் குறைகிறது. பிழைகள், திருத்துவதற்கு எளிதான ஆலையிலேயே வெளிப்படுகின்றன. பெரிய மனை, சாலையில் செல்லத்தக்க பகுதிகளாகப் பிரித்து அனுப்பப்பட்டுக் களத்தில் இணைக்கப்படுகிறது.

தமிழகத்துக்கு இதில் இரு பயன்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டன. மின்கருவி மனை பெரும்பாலும் தூண்கள்மீது நிறுத்தப்படுகிறது. வடங்கள் அடியிலிருந்து நுழைகின்றன. வெள்ளமட்டத்தை அறிந்து தூண்களின் உயரத்தை வகுத்தால் கருவிகள் நனையா. எண்ணூர், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் உவர்க்காற்று உலோகத்தை அரிக்கும். வடிகட்டிய காற்றைச் செலுத்தி உள்ளழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் உப்பும் தூசியும் உட்புகுவது தடுக்கப்படும்.

எனினும், வடம் நுழையும் இடம், எதிர்கால விரிவு, வெப்பக்கணிப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்தல் வேண்டும். ஆலையை விட்டு வந்தபின் சுவரை நகர்த்துதல் அரிது. ஐரோப்பியக் குளிருக்கு வகுத்த குளிரூட்டும் அளவு சென்னைக் கோடைக்குப் போதாது. ஆகவே மனையை ஆலையில் செய்தாலும், அதன் அளவுகளை அது நிற்கப்போகும் மண்ணும் நீரும் வெயிலுமே முடிவு செய்தல் வேண்டும்.