உங்க எஃப்எம் ஸ்டேஷன் கை மாறப்போகுதா? புனேயில் இருந்தே கணிக்க 4 அறிகுறிகள்

ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் நிற்கும்போது 91.1, 94.3, 98.3 என்று மாற்றி மாற்றிக் கேட்பவரா நீங்கள்? அந்த ஸ்டேஷனின் முதலாளி மாறினால் உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. 94.3-ல் ஒலித்த 'ரேடியோ ஒன்' நெட்வொர்க்கின் தாய் நிறுவனமான நெக்ஸ்ட் மீடியாவொர்க்ஸில் 51% பங்கை 2019-ல் எச்.டி. மீடியா வாங்கியது. பெயர் அப்படியேதான் இருந்தது.

ஏஎம் ரேடியோவும் விற்பனைக்கு வருமா?

வராது. இந்தியாவில் ஏஎம் ஒலிபரப்பு ஆகாஷ்வாணியிடம் மட்டுமே உள்ளது. 1953-ல் தொடங்கிய புனே நிலையமும் அப்படித்தான். தனியாருக்கு எஃப்எம் மட்டுமே. எனவே கணிப்பு என்றாலே எஃப்எம்தான்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

1. கடன்: முதல் அறிகுறி இதுதான். பிக் எஃப்எம் நடத்திய ரிலையன்ஸ் பிராட்காஸ்ட்டை, சுமார் 1,050 கோடி ரூபாய் மதிப்பில் வாங்க ரேடியோ சிட்டி நிறுவனம் 2019-ல் முன்வந்தது. அது கைகூடவில்லை. 2023-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024 மே மாதம் சஃபையர் மீடியாவின் சுமார் 261 கோடி ரூபாய் திட்டத்துக்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. 'டீல் அறிவிச்சாச்சு' என்பதும் 'டீல் முடிஞ்சாச்சு' என்பதும் ஒன்றல்ல.

2. விதி: ஒரே நிறுவனம் நாட்டின் மொத்த சேனல்களில் 15%-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்சவரம்பை மத்திய அரசு 2022 அக்டோபரில் நீக்கியது. பெரிய நிறுவனங்கள் மேலும் வாங்க வழி திறந்தது. ஆனால் ஒரு நகரத்துக்குள் 40% என்ற வரம்பு தனி. எனவே புனேயில் ஏற்கெனவே யார் எத்தனை சேனல் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள்.

3. உரிம காலம்: பழைய எஃப்எம் நிலையங்கள் பலவும் 2015 ஏப்ரல் முதல் 15 ஆண்டு அனுமதிக்கு மாறியவை. அது 2030-ல் முடிகிறது. மீதமுள்ள ஆண்டுகள் குறையக் குறைய, வாங்குபவர் கொடுக்க நினைக்கும் விலையும் குறையும்.

4. பங்குச்சந்தை அறிவிப்பு: மிர்ச்சி, ரேடியோ சிட்டி ஆகியவற்றின் நிறுவனங்கள் பட்டியலிடப்பட்டவை. காலாண்டு முடிவில் விளம்பர வருமானம் தொடர்ந்து சரிகிறதா, புரமோட்டர் பங்கு மாறுகிறதா என்று பாருங்கள். வதந்தியைவிட இது நம்பகமானது.

மாறினால் நமக்கு என்ன?

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. ஆகாஷ்வாணி செய்தியைத்தான் ஒலிபரப்பலாம். அதனால் செய்தியின் சார்பு மாறும் என்ற பயம் இங்கே பெரிதாக இல்லை. ஆபத்து வேறு இடத்தில். செலவைக் குறைக்க நினைக்கும் புது முதலாளி, புனே ஆர்ஜேவின் மராத்தி நிகழ்ச்சிக்குப் பதில் மும்பையில் தயாரித்ததையே இங்கும் ஓட்டலாம். அப்போது முதலில் போவது உள்ளூர் வேலைகள். நீங்கள் மீடியா, விளம்பரத் துறையில் இருந்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் ஒருமுறை பார்த்துடுங்க.