நான்கு புள்ளிகளின் இடைவெளி

பதினொரு போட்டிகளில் வென்றவர், மூன்றில் மட்டும் வென்றவரை எளிதில் முந்தியிருப்பார் என்றே எவரும் எண்ணுவர். 2009ஆம் ஆண்டின் அமெரிக்க 'சுப்பர்குரொஸ்' சம்பியன் பட்டம் அவ்வாறு முடிவாகவில்லை.

பெரும் விளையாட்டரங்குகளுள் மண் கொட்டி, மேடுகளும் வளைவுகளும் அமைத்து நடத்தப்படும் மோட்டார் சைக்கிள் ஓட்டம் இது. யமஹாவில் ஓடியவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 2007இல் இப்பட்டத்தை வென்ற முதற் கறுப்பின வீரர். சுசுகியில் ஓடியவர் சாட் ரீட். அவுஸ்திரேலியாவின் குரி குரி என்னும் சிற்றூரில் பிறந்து, அமெரிக்கா சென்று, 2004இலும் 2008இலும் பட்டம் சூடியவர்.

ஜனவரியில் அனகைம் நகரில் நடந்த முதற் போட்டியிலேயே இருவரும் மோதிக்கொண்டனர். ஸ்டூவர்ட்டால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. அடுத்த ஏழு போட்டிகளிலும் அவரே வென்றார். எனினும் ரீட் பின்தங்கிவிடவில்லை. காரணம் புள்ளிக் கணக்கில் உள்ளது. முதலிடத்திற்கு 25 புள்ளிகள், இரண்டாமிடத்திற்கு 22. ஆகவே ஒரு வெற்றி ஈட்டித்தரும் முன்னிலை மூன்றே புள்ளிகள். ஒரு வீழ்ச்சி பறிப்பதோ இருபதுக்கும் மேல். இரண்டாமிடத்தை விடாது பற்றி நிற்பவரிடமிருந்து அவ்விழப்பை மீட்க ஏழெட்டு வெற்றிகள் வேண்டும்.

மே மாதம் லாஸ் வேகாஸில் 17ஆவது போட்டி முடிந்தபோது ஸ்டூவர்ட்டிடம் 11 வெற்றிகள், ரீட்டிடம் 3. பட்டம் ஸ்டூவர்ட்டுக்கே கிட்டியது, நான்கே புள்ளிகளால். வேகத்திற்கு நிகராக, வீழாதிருப்பதும் ஓர் ஆற்றலே என்பதை அவ்வாண்டு தோற்றவர் நிறுவிச் சென்றார்.