"4ஜி" என்று சொன்னதால் 22½ லட்சம் டாலர் அபராதம்!

ஒரே ஒரு சொல்லுக்காக 22½ லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். கட்டியது, உலகப் புகழ் பெற்ற ஆப்பிள் கம்பெனி!

2012-ம் ஆண்டு மார்ச் மாதம் அதன் புதிய ஐபேட் விற்பனைக்கு வந்தது. "4ஜி" என்று விளம்பரம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஜனங்கள் ஆவலோடு வாங்கினார்கள். அங்கே டெல்ஸ்ட்ரா என்ற கம்பெனி 4ஜி சேவை நடத்திக்கொண்டிருந்தது. ஆனால், அதில் ஐபேட் சேரவே இல்லை!

கருவி பழுதா? இல்லை. கோபுரத்தில் கோளாறா? அதுவும் இல்லை. அலை பொருந்தவில்லை.

ரேடியோ மாதிரிதான்

மத்திய அலை மட்டும் உள்ள ரேடியோவில் சிற்றலை நிலையத்தைக் கேட்க முடியுமா? எவ்வளவு திருகினாலும் கிடைக்காது. செல்போனும் ஒரு ரேடியோதான். அதற்குள் இருக்கும் "மோடம்" என்ற பகுதிதான் கோபுரத்தோடு பேசுகிறது. எந்தெந்த அலையில் பேச வேண்டும் என்று தயாரிக்கும்போதே முடிவு செய்து, அதற்கேற்ற வடிகட்டிகளை வைத்துவிடுகிறார்கள்.

டெல்ஸ்ட்ராவின் 4ஜி அலை 1,800 மெகாஹெர்ட்ஸ். அதாவது, வினாடிக்கு 180 கோடி துடிப்பு. ஐபேடின் 4ஜியோ 700, 2,100 என்ற அமெரிக்க அலைகளுக்காகச் செய்யப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் அப்போது 700 அலை டெலிவிஷனிடம் இருந்தது. 2015 ஜனவரியில்தான் 4ஜிக்குக் கிடைத்தது. அப்போதாவது பொருந்தியதா? இல்லை! அமெரிக்கா அதை ஒரு விதமாகக் கூறு போட்டிருந்தது. ஆஸ்திரேலியா வேறு விதமாகக் கூறு போட்டது. வயல் ஒன்று, வரப்பு வேறு!

நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. பணத்தைத் திருப்பித் தர ஆப்பிள் முன்வந்தது. பெயரில் இருந்த "4ஜி"யையும் எடுத்துவிட்டது. ஆனாலும் ஜூன் மாதம் கோர்ட்டு அபராதம் விதித்தது.

முத்திரை எதற்கு?

அலை பொருந்தினால் மட்டும் போதாது. அமெரிக்காவில் எப்.சி.சி. அனுமதி, ஐரோப்பாவில் சி.இ. முத்திரை, ஆஸ்திரேலியாவில் ஆர்.சி.எம். முத்திரை வேண்டும். செல்போன் கம்பெனிகளும் தனியாகச் சோதிக்கின்றன.

ஏன் இத்தனை கெடுபிடி?

2024 அக்டோபர் 28-ந் தேதி ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் கம்பெனிகள் 3ஜி சேவையை மூடத் தொடங்கின. சில போன்களில் 4ஜியில் நன்றாகப் பேசலாம். ஆனால், அவசர உதவிக்கு "000" அழுத்தினால் மட்டும் அவை 3ஜியைத் தேடும்! தயாரித்தவர்கள் அப்படி அமைத்திருந்தார்கள். வெளிநாட்டில் வாங்கிய போன்களிலும் இந்தக் குறை இருந்தது.

வீட்டில் தாத்தாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்சுக்குப் போன் செய்கிறார்கள். போனோ, இல்லாத கோபுரத்தைத் தேடுகிறது. என்ன ஆகும்?

அதனால், அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பே தரக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவிட்டது. நல்ல போனை வீணாக்கலாமா என்று கேட்கலாம். அவசரத்துக்கு உதவாத போனை நல்ல போன் என்று எப்படிச் சொல்வது?

தங்கள் போன் தேறுமா என்று அறிய ஒரு சுலப வழியும் வைத்தார்கள். "3" என்று டைப் செய்து 3498 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பதில் வந்துவிடும்.