பெயரில் சீரகம், எண்ணெயில் வேறு குடும்பம்

நம் மளிகைக் கடைகளில் சீரகம் உண்டு, பெருஞ்சீரகம் என்னும் சோம்பு உண்டு, கருஞ்சீரகமும் உண்டு. நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் காட்டுச்சீரகமும் கிடைக்கும். நான்குக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் நான்கும் ஒரே குடும்பத்துச் செடிகள் அல்ல. முதல் இரண்டும் பங்காளிகள். மற்ற இரண்டுக்கும் பெயரளவில்தான் உறவு.

தாவரவியலார் இதைப் பூவையும் காயையும் பார்த்துச் சொல்வார்கள். விதையில் உள்ள எண்ணெயை வைத்துச் சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. அதே வழியில்தான் ஆய்வுக்கூடங்கள் நம் கடை எண்ணெயையும் சோதிக்கின்றன. எனவே வணிகப் பெருமக்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கொழுப்பு அமிலம் என்றால் என்ன?

எந்தச் சமையல் எண்ணெயிலும் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்களே. ஒவ்வோர் அமிலமும் கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. சங்கிலியின் நீளமும், அதில் இரட்டைப் பிணைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் மாறினால் அமிலமும் மாறிவிடும். விதையில் எந்த அமிலத்தைச் சேர்த்து வைப்பது என்பது செடிக்குப் பரம்பரையாக வருவது. மண்ணும் பருவமும் அளவைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். அமிலத்தின் வகையை மாற்றுவதில்லை.

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹில்டிச் 1940-இல் வெளியிட்ட நூலில் இயற்கைக் கொழுப்புகளைத் தாவரக் குடும்பவாரியாகத் தொகுத்துக் காட்டினார். 1952-இல் வாயு குரோமட்டோகிராபி முறை வந்த பிறகு, சில துளி எண்ணெயிலேயே அமிலங்களைப் பிரித்துச் சதவீதம் சொல்ல முடிந்தது.

சீரகங்களின் கதை

சீரகம், சோம்பு, கொத்தமல்லி, ஓமம் ஆகியவை ஒரே குடும்பம். இவற்றின் விதைக் கொழுப்பில் பெட்ரோசெலினிக் என்னும் அமிலம் மிகுதி. கொத்தமல்லி விதை எண்ணெயில் இது சுமார் 60 முதல் 75 சதவீதம். கடலை எண்ணெயில் உள்ள ஒலியிக் அமிலத்துக்கும் இதற்கும் கார்பன் 18தான். ஒலியிக்கில் இரட்டைப் பிணைப்பு 9ஆம் இடத்தில், இதில் 6ஆம் இடத்தில், வேறுபாடு அவ்வளவுதான். இந்த அமிலம் மிகுதியாக உள்ள குடும்பங்கள் மிகச் சில. ஜின்செங் செடியின் குடும்பம் அவற்றில் ஒன்று. அதுவும் கொத்தமல்லிக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவே.

கருஞ்சீரகத்தில் மிகுதியாக இருப்பது லினோலியிக் அமிலம். அது வேறு குடும்பம். காட்டுச்சீரகமோ சூரியகாந்தியின் குடும்பம். அதன் விதையில் மிகுந்திருப்பது ஆக்சிஜன் பிணைந்த வெர்னோலிக் என்னும் அபூர்வ அமிலம்.

வாசனையை நம்பலாமா?

அன்னாசிப்பூவும் சோம்பும் ஏறக்குறைய ஒரே மணம். இரண்டிலும் இருப்பது அனெத்தோல் என்னும் வாசனைப் பொருள். ஆனாலும் இரண்டுக்கும் உறவு இல்லை. ஒரே மணத்தைத் தொடர்பில்லாத இரண்டு செடிகள் தனித்தனியே உண்டாக்குவது உண்டு.

கொழுப்பு அமிலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. எருசிக் அமிலம் கடுகுக் குடும்பத்தின் அடையாளம். ஆனால் 1970களில் கனடாவில் இந்த அமிலத்தை 2 சதவீதத்துக்கும் கீழே குறைத்த ரகங்களை உருவாக்கினார்கள். கனோலா எண்ணெய் அப்படி வந்ததே. அமிலம் போனாலும் செடி கடுகின் உறவுதான். ஆகவே பூ, காய், எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

கடைக்காரருக்கு என்ன?

தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் சுமார் 45 முதல் 53 சதவீதம். அதில் பாமாயிலைக் கலந்தால் பால்மிட்டிக் அமிலம் ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பாமாயில் என்பது பனை இனமான அந்த எண்ணெய்ப் பனையின் பழச் சதையில் எடுப்பது. அதே பழத்தின் பருப்பில் எடுக்கும் எண்ணெயில் லாரிக் 45 முதல் 55 சதவீதம் இருக்கும். தென்னையும் எண்ணெய்ப் பனையும் ஒரே குடும்பம். பருப்புக்குப் பருப்பு ஒத்துப் போகிறது.

இங்கேதான் ஆபத்து. தேங்காய் எண்ணெயில் ஒலியிக் 5 முதல் 10 சதவீதம். எண்ணெய்ப் பனைப் பருப்பு எண்ணெயில் 12 முதல் 19. நிறையக் கலந்தால் தெரிந்துவிடும். சிறிதளவு கலந்தால் கணக்கு வரம்புக்குள்ளேயே நின்றுவிடலாம். அதைக் கண்டுபிடிக்க வேறு சோதனைகளும் வேண்டியிருக்கும். நிறம், மணம் பார்த்து வாங்கும் நமக்கோ தெரிய வழியே இல்லை.

ஆகவே சில்லறை வணிகருக்குக் காப்பு, வாங்கிய ரசீதுதான். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மொத்த வியாபாரி தரும் பில்லே சரக்கின் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலமான உத்தரவாதமாகக் கொள்ளப்படும். பில் இல்லாமல், விலை சல்லிசு என்று டின் இறக்கினால் அந்த உத்தரவாதம் போய்விடும். அதிகாரி மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காக்குவார். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்போதே கேட்டுவிட வேண்டும்.

பில்லில் சரக்கின் பெயரையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். வெறும் 'சீரகம்', வெறும் 'எண்ணெய்' என்று இருந்தால் அது எந்தச் சீரகம், எந்த எண்ணெய் என்று பின்னால் நிரூபிக்க வேண்டியவர் நாம்தான்.